வெயில் நாளில் வந்த வெள்ளம்

குற்றாலத்து அருவிகளில் ஒன்றின் அடியில்தான் எனக்குப் பல வருடங்களாகப் பணி. எந்த அருவி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தலைமைக் காவலர். கழுத்தில் விசில், கையில் ஒரு பிரம்பு. பெண்கள் பக்கம் வரிசை ஒழுங்காக நகர்கிறதா, யாராவது சோப்புப் போடுகிறார்களா, பாறையில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் வரத்து அதிகமானால் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

எங்கள் சொந்த ஊர் சிவகிரிப் பக்கம். விவசாயக் குடும்பம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பது அங்கே வழக்கம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நானாகிப்போனேன். அருவியடியில் பணி என்று உத்தரவு வந்தபோது கூடப் பயிற்சி எடுத்த பெண்கள், “ஒனக்கென்னட்டி, குளுகுளுன்னு டூட்டி” என்று கேலி செய்தார்கள். முதல் சில வருடங்கள் அது உண்மையாகவும் இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விடாமல் தூறும். சீருடை காயவே காயாது. வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு உலர்த்திப் பார்ப்பேன். மறுநாளும் அதே ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு போவேன்.

அப்புறம் ஒரு வருடம் ஆனி முழுக்கச் சீருடை காய்ந்தே இருந்தது. மேகம் மலை உச்சியில் வந்து உட்காரும், கொஞ்ச நேரம் இருக்கும், எழுந்து போய்விடும். ஆடியும் பாதி போய்விட்டது. வெயில் சித்திரை மாதிரி காய்ந்தது. ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லாட்ஜில் அறை போட்டவர்கள், வார விடுமுறை பார்த்து வேன் பிடித்தவர்கள், வருடா வருடம் வந்து பழகியவர்கள். பாறையில் நூல் மாதிரி ஒழுகிய தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அருவிக்குப் பக்கத்தில் காக்கிச்சட்டை போட்டு நிற்கிறவள் நான்தானே.

“தண்ணி எப்பம்மா விழும்?” என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

“மேல மழ பெஞ்சாத்தான்.”

“மழ எப்பம்மா பெய்யும்?”

“அது எங்க ஸ்டேஷன்ல சொல்ல மாட்டாவம்மா.”

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த வருடம் அதைச் சிரித்துத்தான் கடத்தினோம். கடைக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் வேறு மாதிரிப் பிரச்சினை. தென்காசியில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே மொட்டைமாடித் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டியதும் அந்தத் தளம் வீட்டுக்குள் அதைக் கக்கும். என் வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். இந்தப் பக்கம் மலையை உடைத்து எடுக்கிற ஜல்லியையும் எம்-சாண்ட் மணலையும் ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போய் வருவார். லாரியின் முன்பக்கம் எஞ்சின் சூடு, மேலே வெயில். முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது. சட்டையைக் கழற்றினால் ஒட்டிக்கொண்டு வரும். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, “வெயில்ல போகாதீங்க” என்றார். வெயிலில் போகாமல் லாரி எப்படிப் போகும்?

அதனால் ஏசி வாங்கினோம். என் வீட்டுக்காரருடைய முதுகு ஆறியது. நானும் நன்றாகத் தூங்கினேன். ஒரு வாரம் போயிருக்கும், பக்கத்து வீட்டு மதினி படியேறி வந்தாள். சண்டைக்கு வரவில்லை, பாவம், தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“மதினி, தப்பா நெனைக்காதீய. ஒங்க ஏசி பொட்டியிலருந்து வர்ற காத்து நேரா எங்க அடுக்களை ஜன்னலுக்குள்ளதான் வருது. நின்னு சமைக்க முடியல.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஜன்னலுக்கு நேரே கையை நீட்டினால் சுட்டது. பெட்டியை மாற்றி வைக்க வேறு சுவர் இல்லை. இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் மாடிப்படி. என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களும் ஒரு ஏசி வாங்கிவிட்டார்கள். அதன் பெட்டி அடுத்த வீட்டைப் பார்த்து இருந்தது. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த சித்திரை இன்னும் மோசமாக இருந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கும் முன்பே காலை நேரத்திலேயே தார்ச்சாலை மினுங்கியது. அப்போதுதான் கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. மலையில் இரண்டு நாள் நல்ல மழை. வற்றிக் கிடந்த அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. கோடையில் குற்றாலத்தில் தண்ணீர் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் போதாதா? வேனும் காருமாகக் கூட்டம் சேர்ந்தது. வெந்துபோன ஊர்களிலிருந்து வந்தவர்கள். தண்ணீரைக் கண்டதும் குழந்தைகள் மாதிரி கூச்சலிட்டார்கள். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. நானே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெறிக்கிற தண்ணீரில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மழை இல்லை. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. வெயில் பளீரென்று அடித்தது. தண்ணீர் எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது, குளிக்கத் தோதாக.

பிற்பகலில் முதலில் சத்தம் மாறியது. அருவிச் சத்தம் எனக்குக் காதில் விழுவதே இல்லை, அவ்வளவு பழகிப்போனது. அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது, லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு ஓரத்தில் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. இலையும் சுள்ளியுமாகக் கூடவே வந்தது. மலைக்குள் எங்கோ, எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மழை மொத்தமாகக் கொட்டியிருக்கிறது.

விசிலடித்தேன். ஆண்கள் பக்கம் நின்ற காவலரும் அடித்தார். “வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். பெண்களில் பாதிப் பேருக்கு விசில் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்து, பிள்ளைகளைத் தூக்கி மேட்டில் நின்றவர்களிடம் கொடுத்து, வழுக்கி விழுந்தவர்களை எழுப்பி, அந்தச் சில நிமிஷங்களில் நான் என்னென்ன செய்தேன் என்று கோர்வையாகச் சொல்ல எனக்கு இப்போதும் வரவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது பெண்கள் பக்கம் காலியாகியிருந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து நானும் மேட்டில் ஏறினேன்.

அப்போதுதான் ஒரு ஐயா இறங்கினார். அறுபது வயது இருக்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து பத்திரமாக வெளியே வந்தவர்தான். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இன்னும் குளித்து முடித்திருக்கவில்லை போல. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பெண்கள் பக்கம் தண்ணீருக்குள் இறங்கினார்.

“ஐயா, அங்கன போகாதீய! யாரும் இல்ல அங்கன!”

“என் சம்சாரம் உள்ள நிக்கா, தாயி. அவளுக்கு மூட்டுவலி, வேகமா ஏற முடியாது.”

“எல்லாரும் ஏறியாச்சு ஐயா, மேல ஏறுங்க!”

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அருவியைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் இறங்கி ஓடினேன். தடுப்புக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அவர் கையை எட்டிப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே நன்றாகத்தான் பிடித்தேன். அந்தச் சமயத்தில் தண்ணீர் ஒரே தள்ளாகத் தள்ளியது. எண்ணெய் தேய்த்த கை. என் பிடிக்குள் அது முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தது, மணிக்கட்டிலிருந்து விரலுக்கு வந்தது. அப்புறம் என் கையில் எண்ணெய் மட்டும் இருந்தது.

அவருடைய சம்சாரம் வேன் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீரில் நிற்க மூட்டு ஒத்துழைக்காமல், வெகு நேரத்துக்கு முன்பே குளித்து முடித்துவிட்டு, மறுபக்கத்து வழியாக ஏறி, உலர்ந்த சேலை மாற்றி, கணவருக்கான வேட்டியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தீயணைப்புப் படையினர் பொழுது சாய்வதற்குள் கீழே தேங்கிய இடத்தில் உடலை எடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது.

அந்த அம்மாளோடு நான்தான் இருந்தேன். சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், வெயில் தாங்காமல், எல்லோருமாகக் கிளம்பி ஒரு குளியல் போடலாம் என்று வந்திருக்கிறார்கள். தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எங்கள் ஸ்டேஷன் எழுத்தர் வந்து விவரம் கேட்டபோது ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். எழுத்தர் போனபிறகு அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“இதுல யாரு மேல கேசு எழுதுவீங்க?”

“யாரு மேலயும் எழுத முடியாதும்மா. வெள்ளம் வந்துட்டு. இயற்கை.”

“சித்திரை மாசம். வெயிலு மண்டையப் பொளக்குது. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. இது இயற்கையா?”

மடித்து வைத்திருந்த வேட்டியை மடியில் போட்டு நீவிக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

“யாராச்சும் ஒரு ஆளு இருக்கணும்ல தாயி. பஸ்ஸு மோதிச் செத்தா டிரைவரு இருக்கான். கரண்டு அடிச்சுச் செத்தா கம்பிய அறுத்து விட்டவன் இருக்கான். இதுக்கு யாரு?”

போலீசில் இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவற்றுக்கெல்லாம் ‘விசாரிக்கிறோம்’ என்றாவது சொல்ல முடிந்தது.

மறுநாள் எனக்கு விடுப்புக் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் என் வீட்டுக்காரர் கேரளாவில் லோடு இறக்கிவிட்டு வந்தார். விஷயம் அவருக்கு போனில் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைத்தார். எனக்கு ஏனோ அவர் மேல் கோபம் வந்தது. முகத்தில், புருவத்தில், காது மடலில் எல்லாம் கல்தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது.

“மலைய ஒடச்சு ஒடச்சு அள்ளிட்டுப் போறிய. வழியெல்லாம் பொகை. இப்படிச் செஞ்சா மழை எப்படி ஒழுங்கா பெய்யும்?” என்றேன்.

அவர் சாதத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். “நான் ஒருத்தன் ஓட்டலேன்னா லாரியெல்லாம் நின்னுருமா? புளியறையில வந்து பாரு. செக்போஸ்ட்லருந்து வளைவு தாண்டி வரிசை நிக்கி. எல்லாத்துக்கும் டிரைவர் இருக்கான்.”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான் கேக்கேன். நீ என்ன செய்யச் சொல்லுத? லாரிய விடணுமா? விட்டுருதேன். ஏசியக் கழத்தணுமா? கழத்திருதேன். எதச் செஞ்சா அந்த மனுசன் திரும்ப வருவாரு, சொல்லு.”

கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் ஒன்று சொல்லியிருந்தால் செய்திருப்பார், அப்படிப்பட்டவர்தான். அவருடைய முதுகுப் புண் ஆறிய தழும்பு பனியனுக்கு மேல் தெரிந்தது. நான் எழுந்து போய் அவருக்கு மோர் ஊற்றினேன்.

அதற்கடுத்த மாதம் அருவியடியில் பணிபுரிகிற எங்கள் எல்லோரையும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். பேரிடர் சமயத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தருவதற்காக வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டி நிதானமாக விளக்கினார். நிலக்கரியையும் டீசலையும் எரிக்க எரிக்க, காட்டை அழிக்க அழிக்க, பூமியைச் சுற்றிப் புகைப்போர்வை மாதிரி ஒன்று தடித்துக்கொண்டே போகிறது. உள்ளே வந்த சூடு வெளியே போக முடிவதில்லை. கடல் சூடாகிறது. சூடான காற்று கூடுதலாக ஈரத்தைச் சுமக்கிறது. அதனால் பல நாளாகப் பிரித்துப் பெய்ய வேண்டிய மழையை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறக்கிவிடுகிறது. நடுவில் நீண்ட வறட்சி. எங்கள் சாரல் ஏன் தவறுகிறது, சித்திரையில் ஏன் வெள்ளம் வருகிறது என்று முதல்முறையாக ஒருவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த அறையின் ஏசிக் குளிரில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் காவலர் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். மலைக்குள் மழை பெய்வது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். மேலே கருவி வைக்கப்போவதாகவும் கீழே சைரன் வரப்போவதாகவும் சொன்னார். நான் எழுந்தேன்.

“சார், மழை இப்படிப் பெய்யாம இருக்கதுக்கு என்ன செய்யணும்?”

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது இந்த ரூம்ல இருக்கறவங்க கையில இல்லம்மா. இந்த ஜில்லா கையிலயும் இல்ல. உலகம் முழுக்கச் சேர்ந்து செய்யணும். அப்படிச் செஞ்சாலும் உடனே சரியாகாது.”

“அப்ப இத எங்களுக்கு எதுக்கு சார் சொல்லுதீங்க?”

“விசிலை இன்னும் கொஞ்சம் முன்னாடி அடிக்கறதுக்கும்மா” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவரிடமும் அவ்வளவுதான் இருந்தது. அது எனக்குப் புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

சைரன் வந்தது. அந்த வருடம் சாரலும் சுமாராக வந்தது. வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தண்ணீரில் ஒரு இலை வந்தால் விசிலடித்தேன். பல தடவை வீணாக அடித்தேன். குளிக்க வந்தவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். ஏறிய பின் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உடம்பில் எண்ணெய் மினுங்கும் ஆட்களைப் பார்த்தால் என் வலதுகை தானாக மூடிக்கொள்ளும். அது இன்றைக்கும் நிற்கவில்லை.

மறு வருடம் அதே சித்திரையில் அந்த அம்மாள் வந்தார். எனக்கு முன்னதாகவே போன் செய்திருந்தார். வருஷத் திதியை ஊரில் முடித்துவிட்டு, கணவர் போன இடத்தில் ஒரு முறை நின்றுவிட்டுப் போகலாம் என்று, மகன் வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல், பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். கையில் மஞ்சள் பையில் கொஞ்சம் பூ இருந்தது. தண்ணீரில் விடுவதற்கு.

அன்று அருவியில் தண்ணீர் இல்லை. நூலாகக்கூட இல்லை. பாறை முழுக்க வெளிறிப்போய், தண்ணீர் விழுந்த தடம் மட்டும் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. பல வாரமாக மழை கிடையாது. குளிக்க ஆள் இல்லாததால் கம்பித் தடுப்பைத் திறந்து அவரை உள்ளே கூட்டிப்போனேன். கோயில் மாதிரி நினைத்தோ என்னவோ செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பாறையில் கால் வைத்ததும் பதறி எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு. மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தார்.

“எந்த இடம்?” என்றார்.

காட்டினேன். ஐயா இறங்கிய இடம், நான் கம்பியைப் பிடித்த இடம், தண்ணீர் தள்ளிய பக்கம். அந்தப் பள்ளத்தில் காய்ந்த இலையும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் கிடந்தன. அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுலயா அவுக போனாக?”

“ஆமாம்மா.”

“இதுல காலு நனைய தண்ணியில்லையே தாயி.”

பூவை எங்கே விடுவது என்று தெரியாமல் பையோடு நின்றார். பக்கத்துக் கடையில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசியில் பூவைப் பாறையிடுக்கில் நிழல் இருந்த ஒரு இடமாகப் பார்த்து வைத்தார். நாங்கள் தடுப்பைத் தாண்டி வருவதற்குள் அது வாட ஆரம்பித்திருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். தன் வீட்டுக்காரர் கை என் பிடியிலிருந்து எப்படி நழுவியது என்று அம்மாள் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் அவரே பேசினார்.

“நீ இந்த வேலைய விட்டுரு தாயி. வெயிலும் ஆகாது, வெள்ளமும் ஆகாது. ஒரு நாளைப்போல நின்னு ஒனக்கு என்ன ஆகப்போகுது?”

“விட்டுட்டு என்னம்மா செய்ய?”

தூரத்தில் வந்துகொண்டிருந்த பஸ்ஸைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி அவர் எழுந்தார்.

“அதுதான் எனக்கும் தெரியல” என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் வந்து நின்றதும் முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். நான் பின்னால் நின்று அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன்.